கலப்புச் சரக்கு எல்சிஎல்-லில் டொரன்டோவுக்கு: பாத்திரம், துண்டு, அப்பளம், கற்பூரம் எல்லாம் ஒன்றாகப் போகுமா?

காரைக்குடிப்பெண்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் அப்பாவின் பாத்திரக் கடையை நான்கு வருடமாக நானும் சேர்ந்து பார்க்கிறேன். வெளிநாட்டுக்கு இதுவரை கூரியரில் பத்து கிலோ, இருபது கிலோ பார்சல்தான் போட்டிருக்கிறோம். இப்போது டொரன்டோவில் ஸ்காபரோ பக்கம் இருக்கும் ஒரு தமிழ்க் கடைக்காரர் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார். கப்பலில், பலருடைய சரக்கு ஒரே கன்டெய்னரில் போகும் எல்சிஎல் முறையில்தான் அனுப்ப வேண்டும்.

சரக்கு இதுதான்: எவர்சில்வர் இட்லிப் பானை, தூக்கு, இரும்பு தோசைக்கல், பித்தளைக் குத்துவிளக்கு, ஈரோட்டுத் துண்டு, அப்பளம், வற்றல், இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, கூட்டுப் பெருங்காயம், ஊதுபத்தி, கற்பூரம் 2 பெட்டி, கப் சாம்பிராணி 3 பெட்டி, நெய் 1 பெட்டி. எல்லாம் 60×40×40 செ.மீ. அட்டைப்பெட்டி, மொத்தம் 86. கணக்குப் போட்டால் 8.26 சிபிஎம் (கன மீட்டர்), எடை சுமார் 1,900 கிலோ.

என் குழப்பம் இரண்டு. ஒருவர் கப்பல் கூலியே கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்குக் குறைத்துச் சொல்கிறார். இன்னொருவர் அதைப்போல நான்கு மடங்கு. எதை நம்புவது? அடுத்து, கற்பூரத்தைப் பற்றிக் கேட்டதற்கு முதல் ஆள், "எல்லாவற்றையும் பூஜைப் பொருட்கள் என்று எழுதிவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். மனதுக்குச் சரியாகப் படவில்லை. ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண்), ஜிஎஸ்டி இரண்டும் எடுத்துவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்தான்

அம்மா, உங்கள் மனது சொன்னதுதான் சரி. முப்பது வருடமாக சுங்க கிளியரிங் வேலையில் இருக்கிறேன். கலப்புச் சரக்கில் நான் கற்றது ஒன்றுதான்: மொத்தச் சரக்கின் கதியையும் அதில் இருக்கிற மோசமான ஒரு பெட்டிதான் முடிவு செய்யும். 80 பெட்டி சுத்தமாக இருந்தும் 2 பெட்டியால் அத்தனையும் கிடங்கில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கற்பூரத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அது தீப்பற்றும் திடப்பொருள். கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளில் செயற்கைக் கற்பூரத்துக்கு யூஎன் 2717 என்று தனி எண்ணே உண்டு, வகுப்பு 4.1. சிவகாசித் தீப்பெட்டியும் அதே வகுப்பு, யூஎன் 1944. அனுப்பவே கூடாது என்பதில்லை. அதற்குச் சோதனை செய்து முத்திரை போட்ட பெட்டி, ஆபத்துச் சரக்கு அறிவிப்புத் தாள், கப்பல் கம்பெனியின் முன் அனுமதி எல்லாம் வேண்டும். 2 பெட்டிக்காக அத்தனையும் செய்தால் கற்பூரத்தின் விலையைவிடச் செலவு கூடும். அதற்குப் பிறகும் உங்கள் மற்ற சரக்கோடு ஒரே எல்சிஎல் கன்டெய்னரில் ஏற்றப் பெரும்பாலோர் சம்மதிக்க மாட்டார்கள்.

கப் சாம்பிராணி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அதில் இருப்பது கரித்தூள். கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இனம், யூஎன் 1361, வகுப்பு 4.2. முன்பெல்லாம் ஒரு சோதனைச் சான்றிதழைக் காட்டி, இது ஆபத்துச் சரக்கு இல்லை என்று சாதாரணமாக அனுப்ப வழியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு கரிக்கு இல்லை. உங்கள் கப்பில் எவ்வளவு கரி, அது எந்த வகைப்பாட்டில் வரும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தராமல் அதைத் தொடாதீர்கள். வற்றலோடு கொப்பரை அனுப்பலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கொப்பரையும் 4.2-தான், யூஎன் 1363. நம் வீட்டு மாடியில் காய்கிற சாமான் அந்தப் பட்டியலில் இருப்பது இந்தத் தொழிலுக்கு வரும் வரை எனக்கும் தெரியாது.

விருதுநகர்_வியாபாரி

ராயபுரம் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ பேர் பூஜைப் பொருட்கள் என்று ஒரே வரியில் எழுதி வருடக்கணக்காக அனுப்புகிறார்கள். ரெண்டு பெட்டிக் கற்பூரம் கப்பலையா எரித்துவிடும்? சின்ன வியாபாரி எல்லா விதியையும் பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான்.

ராயபுரத்தான்

தம்பி, கப்பல் எரிந்திருக்கிறது. அதுவும் இந்த அம்மாவின் சரக்கு போகப்போகிற அதே வழியில். 2019 ஜனவரி 3 அன்று யாந்தியான் எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் கொழும்பிலிருந்து சூயஸ் வழியாகக் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அட்லான்டிக் நடுவில் தீப்பிடித்தது. ஒரு கன்டெய்னரில் தொடங்கியது மற்றவற்றுக்கும் பரவியது. மாலுமிகளைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். பின்னால் ஜெர்மன் விசாரணை அமைப்பு பார்த்தபோது கைகாட்டிய சரக்கு தேங்காய்க் கரி. அது வேறு பெயரில் அறிவிக்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றி எழுதியதால் மேல்தளத்தில் ஒதுக்கமாக வைக்க வேண்டியதா, வெப்பம் படாமல் வைக்க வேண்டியதா என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. அந்தக் கப்பலில் வேலை செய்கிறவனும் நம்மைப்போல் குடும்பம் உள்ளவன்தானே. என் அக்கா மகன் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறான். அதனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், மன்னிக்கவும்.

அதை விடுங்கள், காகித அளவிலேயே அது செல்லாது. கனடாவுக்குப் போகும் கடல் சரக்கின் விவரம், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே கனடா எல்லைத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். பொதுச் சரக்கு, கலப்புச் சரக்கு, பூஜைப் பொருட்கள் போன்ற பொத்தாம்பொதுவான வரியை அங்கே ஏற்க மாட்டார்கள், பெட்டி ஏறாது. "எவர்சில்வர் இட்லிப் பானை", "பருத்தித் துண்டு" என்று ஒவ்வொன்றாக எழுதத்தான் வேண்டும்.

ஸ்காபரோக் கடை

வணக்கம். நான் ரொறன்ரோவில் பதினெட்டு வருசமாகக் கடை வைத்திருக்கிறேன். சாமானை இறக்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

தங்கச்சி, கூலியே இல்லை என்று சொன்னவரிடம்தான் முதலில் கவனமாக இருக்க வேண்டும். எல்சிஎல்-இல் இது தெரிந்த விளையாட்டு. அனுப்புகிறவருக்கு அங்கே கூலியைக் குறைத்துக் காட்டுவார்கள். அந்தக் காசை இங்கே வாங்குகிறவரிடம் கொன்ரெயினர் பிரிக்கும் கூலி, கிடங்குக் கூலி, பத்திரக் கூலி என்று பிடித்துவிடுவார்கள். சாமான் அவர்கள் கிடங்கில் இருக்கும்போது என்னால் பேரம் பேச முடியாது. நாள் போகப் போக வாடகைதான் ஏறும். ஒருமுறை எனக்கு 4 சிபிஎம் சாமான் வந்தது. கப்பல் கூலி என்று அனுப்பியவர் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு இங்கே கட்டித்தான் எடுத்தேன். அனுப்பியவர் நல்ல மனிதர், அவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அதோடு அவரிடம் வாங்குவதை விட்டுவிட்டேன். ஆகவே கூலியைக் கேட்கும்போது, "ரொறன்ரோக் கிடங்கில் ஒரு சிபிஎம்முக்கு என்னென்ன கட்ட வேண்டும், ஒவ்வொன்றாக எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தராதவரிடம் கொடுக்க வேண்டாம். இன்னும் நல்லது, எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரை உங்கள் செலவு, அதற்குப் பிறகு வாங்குகிறவர் செலவு) என்று விலை பேசி, கப்பலை உங்கள் கடைக்காரரே பார்க்கட்டும் என்று விடுவது. முதல் தடவைக்கு அதுதான் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அடுத்தது சாப்பாட்டுச் சாமான். உணவு இறக்குகிறவருக்கு இங்கே உணவு ஆய்வு முகமையின் அனுமதி வேண்டும். 2019இல் வந்த விதி இது. உங்கள் கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாக்கெட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் இருக்க வேண்டும், ஊட்டச்சத்து அட்டவணை கனடாவின் வடிவத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் அச்சடித்த பாக்கெட்டை அப்படியே அனுப்பினால் இங்கே ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வரும், அந்தக் கூலிக்குப் பொடியைச் சும்மா கொடுக்கலாம். ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் எள்ளும் கடுகும் இருக்கின்றன. இட்லிப் பொடியில் எள் போட்டிருந்தால் எழுதியே ஆக வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். இதைக் கனபேர் யோசிப்பதில்லை. கோதுமை என்று எழுதாமல் வந்தால் திருப்பி அழைக்கச் சொல்வார்கள், கடையின் பெயரும் கெடும்.

நெய்யை மறந்துவிடுங்கள். பால் பொருளுக்கு இங்கே கோட்டா. கோட்டாவுக்கு வெளியே வந்தால் வரி 200 சதவீதத்துக்கும் மேலே போகும். கற்பூரம் எங்களுக்கு இங்கேயே கிடைக்கிறது. அதை முறையாக ஆபத்துச் சரக்காக அறிவித்து மொத்தமாக இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரைக்குடிப்பெண்

நெஞ்சம் நிறைந்த நன்றி. நெய், கற்பூரம், கப் சாம்பிராணி மூன்றையும் எடுத்துவிட்டேன். 80 பெட்டி, 7.68 சிபிஎம். பெருங்காயத்தில் கோதுமை இருப்பதை அப்பாவிடம் சொன்னபோது டப்பாவைத் திருப்பிப் பார்த்தார், சின்ன எழுத்தில் இருந்தது. இத்தனை வருடம் விற்கிறோம், கவனித்ததில்லை.

இனி பேக்கிங் பற்றிக் கேட்கிறேன். பாத்திரங்களை நாங்கள் வைக்கோல் சுற்றித்தான் அடுக்குவோம்.

சென்னிமலைத் தறி

வைக்கோல் வேண்டாம் சகோதரி. தாவர நோய், பூச்சி என்று நுழைவிலேயே பிடிப்பார்கள். நெளிவு அட்டை, குமிழித்தாள் இரண்டும் போதும். மரப் பேலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு) வைத்தால் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச மரப் பேக்கிங் விதியின் முத்திரை கட்டாயம்: கோதுமைக் கதிர் படமும் ஹெச்டி என்ற எழுத்தும் மரத்தில் சுட்டிருக்கும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் காட்டியது என்று அதற்கு அர்த்தம். முத்திரை இல்லாத ஒரு பேலட் இருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லலாம். பிளைவுட் பேலட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் துண்டு, படுக்கை விரிப்பு அனுப்புகிறவன். எங்களுக்கு எதிரி இரண்டு: ஈரமும் வாசனையும்.

ஈரத்தை முதலில் சொல்கிறேன். நம் ஊர் வெக்கையில், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது கன்டெய்னரை மூடுகிறோம். அட்டைப்பெட்டியும் மரமும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். கப்பல் குளிர்ந்த கடலுக்குப் போனதும் கூரைத் தகடு குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் அதில் துளியாகப் படிந்து, சரக்கின் மேல் சொட்டும். தொழிலில் கன்டெய்னர் மழை என்றே சொல்வோம். தை மாசம் கனடாவில் இறங்குகிற பெட்டிக்கு இது கட்டாயம் நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்சிஎல்-இல் கன்டெய்னர் நம் கையில் இல்லை, அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பாலித்தீன் உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் பை வையுங்கள். அப்பளத்தைக் கட்டாயம் இரண்டு உறையில் போடுங்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவித் துருத்தடுப்புத் தாளில் சுற்றுங்கள். செய்தித்தாள் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். ஈரம் ஏறிய பெட்டியின் பலம் பாதிக்கு மேல் போய்விடும், அடியில் இருப்பது நசுங்கும். அதனால் மூன்று அடுக்கு அட்டை வேண்டாம். ஐந்து அடுக்காவது எடுங்கள், பாத்திரத்துக்கு ஏழு.

வாசனை எனக்குப் பட்டு வந்த பாடம். நான்கு வருடத்துக்கு முன்பு என் துண்டுகளும் வேறு யாருடைய பெருங்காயமும் ஒரே கன்டெய்னரில் ஒன்றரை மாதம் இருந்தன. இறக்கியபோது பருத்தி முழுக்க அந்த வாசனை. துவைத்தும் போகவில்லை. வாங்கியவர் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார். உங்களுக்கு இரண்டுமே உங்கள் சரக்கு. பெருங்காயத்தை இறுக மூடும் டப்பாவில் போட்டு, மேலே காற்றுப் புகாத உறை, அதற்கு மேல் பெட்டி. ஊதுபத்திக்கும் அப்படியே. இரண்டும் துண்டுக்கும் அப்பளத்துக்கும் பக்கத்தில் வராதபடி வேறு பேலட். மல்லிகை மணக்கும் அப்பளத்தை யாரும் பொரித்துச் சாப்பிட மாட்டார்கள்.

ராயபுரத்தான்

தறிக்காரர் சொன்னது அத்தனையும் அனுபவம். நான் காகிதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கிங் லிஸ்ட்டை 1 முதல் 80 வரை பெட்டி எண் போட்டு எழுதுங்கள். எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, நிகர எடை, மொத்த எடை, அளவு. ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள்தான். இடம் மிச்சமிருக்கிறது என்று இட்லிப் பானைக்குள் பொடிப் பாக்கெட்டைத் திணிக்காதீர்கள். வீட்டுக்குச் சாமான் அனுப்பும்போது அது புத்திசாலித்தனம்; சுங்கத்தில் அது மறைப்பு. உணவு அதிகாரி பார்க்க வேண்டுமென்றால் 23 முதல் 40 வரை என்று எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மற்றதைத் தொட மாட்டார்கள்.

ஹெச்எஸ் கோடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) ஒவ்வொரு பொருளுக்கும் தனி. எவர்சில்வரும் தோசைக்கல்லும் 7323, துண்டு 6302, அப்பளம் 1905, மசாலாக் கலவை 0910, ஊதுபத்தி 3307. குத்துவிளக்கில்தான் வாதம் வரும். பித்தளை வீட்டுப்பொருள் என்று 7418-இல் போடுகிறவர்களும் உண்டு, எண்ணெய் விளக்கு என்று 9405-இல் போடுகிறவர்களும் உண்டு. வாங்குகிறவருடைய சுங்கத் தரகரிடம் முன்பே கேட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதுங்கள். அப்புறம் எல்யூடி (ஜிஎஸ்டி-யில் தரும் உறுதிமொழிக் கடிதம்) போட்டீர்களா? போட்டால்தான் ஐஜிஎஸ்டி கட்டாமல் அனுப்பலாம், ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும். வங்கியின் ஏடி கோடு (அந்நியச் செலாவணி வங்கிக்கான எண்) நீங்கள் ஏற்றப்போகிற துறைமுகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மசாலாப் பொடிக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு.

தூத்துக்குடியா சென்னையா என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தூத்துக்குடி பக்கம், லாரி வாடகை மிச்சம். ஆனால் எல்சிஎல் சரக்கை அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய், பிரித்து, வேறு கன்டெய்னரில் அடுக்குவது வழக்கம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ஒரு பெட்டியாவது அடிபடும். "டொரன்டோ வரை என் பெட்டியை எத்தனை முறை பிரிப்பீர்கள்?" என்று இரண்டு ஊரிலும் கேட்டுவிட்டு, குறைவாகப் பிரிக்கிற இடத்தில் கொடுங்கள். நானாக இருந்தால் நூறு மைல் கூட ஓடினாலும் அதைத்தான் பார்ப்பேன்.

விருதுநகர்_வியாபாரி

கப்பல் தீ பற்றித் தேடிப் படித்தேன். அண்ணன் சொன்னது உண்மைதான். நான் எழுதிய முறை சரியில்லை. இனி எங்கள் சரக்கிலும் கற்பூரத்தைத் தனியாகப் பார்க்கிறேன். ஒரு கேள்வி: இன்சூரன்ஸ் அவசியமா? கப்பல் கம்பெனியின் பொறுப்பு இருக்கிறதே?

ராயபுரத்தான்

ஒத்துக்கொள்ள மனது வேண்டும் தம்பி, சந்தோஷம்.

கப்பல் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. எடைக்குக் கிலோவுக்கு 2 எஸ்டிஆர், அல்லது ஒரு பொட்டலத்துக்கு 666.67 எஸ்டிஆர், இதில் எது கூடுதலோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் (பிஎல்) "4 பேலட்" என்று மட்டும் இருந்தால் பொட்டலம் நான்குதான் என்று வாதாடுவார்கள். "4 பேலட்டில் 80 பெட்டி" என்று இருந்தால் எண்பது. இந்த ஒரு வரியைச் சரிபார்க்காமல் பிஎல் நகலுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். அதோடு, கப்பலில் தீ என்றால் அதிலும் கம்பெனிக்கு விலக்கு இருக்கிறது.

அதைவிட முக்கியம் ஜெனரல் ஆவரேஜ். கப்பலுக்கு ஆபத்து வந்து, அதைக் காப்பாற்றச் செலவு செய்தால், அந்தச் செலவைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் கட்டித்தான் எடுக்க வேண்டும். யாந்தியான் எக்ஸ்பிரஸில் அறிவித்தார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கி நின்ற எவர் கிவன் கப்பலிலும் அறிவித்தார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி உத்தரவாதக் கடிதம் கொடுக்கும், சரக்கு வெளியே வரும். இல்லாதவர் ரொக்கமாக வைப்புத்தொகை கட்ட வேண்டும். 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 நம் கொச்சிக்குப் பக்கத்திலேயே 640 கன்டெய்னரோடு மூழ்கியது. எல்லா ஆபத்துக்கும் பொருந்தும் ஏ பிரிவுப் பாலிசியாக, சிஐஎஃப் மதிப்போடு (பொருள் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்தது) 10 சதவீதம் கூட்டி எடுங்கள்.

காரைக்குடிப்பெண்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும்.

எஃப்ஓபி-யில் பேசி, கடைக்காரரே சரக்கு ஏஜென்ட்டான ஃபார்வர்டரைப் பிடித்தார். சென்னையில் கொடுத்தோம். சிஎஃப்எஸ்-இல் (பெட்டிகளைக் கன்டெய்னரில் அடுக்கும் கிடங்கு) டேப் வைத்து அளந்தபோது 62×42×41 என்றார்கள். நாங்கள் திணித்துக் கட்டியதில் பெட்டி புடைத்திருந்தது. ஒரு செ.மீ., இரண்டு செ.மீ.தான், ஆனால் 80 பெட்டிக்கு 7.68 என்பது 8.54 சிபிஎம் ஆகிவிட்டது. கட்டி முடித்த பெட்டியை அளந்து எழுதுங்கள், காலிப் பெட்டியை அல்ல.

செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிய கப்பல். வீட்டிலிருந்து கடைக்கு மொத்தம் 71 நாள். அதில் 9 நாள் டொரன்டோக் கிடங்கில் நின்றது, எங்கள் பெட்டிகளால் அல்ல. அதே கன்டெய்னரில் வேறொருவர் அனுப்பிய சரக்கில் விவரத்தில் இல்லாத ஏதோ இருந்ததாம். முழுக் கன்டெய்னரையும் சோதனைக்கு எடுத்துவிட்டார்கள், சோதனைக் கூலியில் எங்கள் கடைக்காரருக்கும் பங்கு விழுந்தது. ராயபுரம் அண்ணன் சொன்ன அந்த மோசமான பெட்டி யாருடையதாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் சரக்கில் இரண்டு தூக்கு நசுங்கியது, ஒரு தோசைக்கல்லில் ஓரமாகத் துரு. துண்டில் வாசனை இல்லை. இதைக் கேட்டதும் அப்பாவுக்குத்தான் பெரிய நிம்மதி. அப்பளம் முழுசாக வந்தது. பிரெஞ்சு லேபிளை கடைக்காரரின் மகளே சரிபார்த்துக் கொடுத்ததால் உணவுப் பெட்டிகள் தடையில்லாமல் போயின.

அடுத்த ஆர்டர் 140 பெட்டி. 13 சிபிஎம்மைத் தாண்டுகிறது. இதற்கு 20 அடி கன்டெய்னரே தனியாக எடுத்துவிட்டால் வேறொருவர் பெட்டிக்காக நாங்கள் நிற்க வேண்டியதில்லை என்று கடைக்காரரும் சொல்கிறார். இரண்டு விலையையும் டொரன்டோக் கிடங்குச் செலவோடு எழுதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை கட்டிய பெட்டியை அளந்துவிட்டு, இரண்டையும் இங்கே போடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்காபரோக் கடை

போடுங்கள் தங்கச்சி. 20 அடியில் 26, 27 சிபிஎம் வரை அடுக்கலாம், உங்களுக்குப் பாதி இடம் மிச்சம் இருக்கும். எனக்கும் ஐம்பது அறுபது பெட்டி எவர்சில்வர் வேண்டும். உங்கள் கடைக்காரர் சம்மதித்தால் நானும் அவரும் சேர்ந்தே எடுக்கிறோம். ஒருவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியும்.